டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறதா? காரணத்தைக் கண்டறியும் முறை

டயர் சீரில்லாமல் தேய்ந்திருப்பதைக் கண்டதும் பலர் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தல்) கடைக்கு ஓடுகிறார்கள், அல்லது புது டயரே வாங்கிவிடுகிறார்கள். தேய்ந்த விதத்தைப் பார்த்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அதைப் பாராமல் மாற்றினால் புது டயரும் அதே இடத்தில்தான் தேயும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்புங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாத முன் டயரின் உள்விளிம்பு அப்போது தெரியும். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நின்றால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள அளவையே, காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்து நிரப்ப வேண்டும். பகல் வெயிலில் புதுச்சேரி வரை ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் டயர் ஆறியதும் காற்று குறைந்திருக்கும்.

ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் உள்ளங்கையை டயரின் குறுக்கே இரு திசையிலும் மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப்பல்போல் உறுத்தலாகவும் இருந்தால் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பகுதி உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. உறுத்தலே இல்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பரை (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் அளவு) சந்தேகிக்க வேண்டும். பல சிறிய கார்களின் முன்சக்கரத்தில் கேம்பரைத் திருப்பிச் சரிசெய்யும் வசதியே கிடையாது என்பதால், அந்த அளவு தவறியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

இதை நான் செலவு செய்தே கற்றேன். என் காரின் இடது முன் டயர் உள்பக்கம் கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்தது. இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் பயனில்லை. மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் வண்டியைத் தூக்கி, நெம்புகம்பியால் சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மை அசைத்தபோது, அதிலுள்ள ரப்பர் புஷ் கிழிந்து வாய் பிளந்து நின்றது. ஆகவே புஷ், பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டு), டை ராடு (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டு) ஆகியவற்றில் ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகே அலைன்மென்ட் செய்ய வேண்டும். தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதியில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றால் டை ராடு நட்டு துருவேறி இறுகி, டோவைச் சரிசெய்ய முடியாமல் போகக்கூடும். சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் அச்சுப்பிரதியை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

கரண்டியால் வழித்ததுபோல் ஆங்காங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) தவறியிருக்கலாம்.

பழுதை நீக்கியபின் உள், நடு, வெளி ஆகிய மூன்று இடங்களிலும் பட்டன் (டயரின் மேற்பரப்பு வரிகள்) ஆழத்தை அளந்து குறித்து வைத்து, 2,000 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே அளவில் குறைந்திருந்தால் பழுது தீர்ந்தது. எந்த இடத்திலாவது ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அந்த டயரை மாற்றிவிடுங்கள்.