உள்துறையின் பதிலைப் படிக்கும் முறை

மக்களவையில் குற்றங்கள் பற்றிய கேள்விக்கு உள்துறை தரும் பதிலில் முதல் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 'அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பொறுப்பு' என்று கைகழுவும் இடம் அது.

'(அ) முதல் (ஈ) வரை' என்று நான்கு உட்கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலா? உஷார். கேள்வியைப் பக்கத்தில் வைத்து, எதற்குப் பதிலே இல்லை என்று பென்சிலால் சுழியுங்கள். எனக்குச் செய்தியே பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அப்புறம் இணைப்பிலுள்ள மாநிலவாரி அட்டவணை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்கள் என்றால் எந்த ஆண்டுக்கானவை என்று பாருங்கள். பழசாக இருப்பது சகஜம். அதிலிருப்பது பதிவான வழக்குகள்தான். எஃப்.ஐ.ஆர். போடாமல் திருப்பியனுப்பிய புகார் வராது.

நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் தர வேண்டியது) என்றால் அவை நடவடிக்கைக் குறிப்பையும் எடுங்கள். துணைக் கேள்விகளில் அமைச்சர் வாயால் சொன்னது அதில்தான் இருக்கும்.