அழிந்த ஒப்ஜெக்ட்டைத் தேடும்போது, அணைந்து கிடந்த சேர்வரை அவசரப்பட்டு இணைக்காதீர்கள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என இடத்துக்கொரு சேர்வர். கோப்புகளைப் பல சேர்வர்களில் பிரதியெடுத்து வைக்கும் ஓபன்ஸ்டாக் ஸ்விஃப்ட் மென்பொருளில், ஒவ்வொரு கோப்புக்கும் (ஒப்ஜெக்ட்) மூன்று பிரதிகள். மார்கழி மழையில் முல்லைத்தீவுச் சேர்வர் அணைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கோப்பைக் காணவில்லை என்கிறார்கள்.

உண்மையில் அழிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்து, திறந்தால் 404 வந்தால், பட்டியல் பிந்தி நிற்கலாம். அல்லது தானாக அழியவென்று குறித்துவைத்த எக்ஸ்-டிலீட்-அட் நேரம் கடந்திருக்கலாம். மற்றபடி, கோரிக்கைகளை முதலில் வாங்கும் ப்ரொக்சியின் லொக்கில் கோப்பின் பாதையையும் டிலீட் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். நேரமும் வந்த ஐபி முகவரியும் அங்கே இருக்கும். யார் செய்தது என்ற சண்டை பிறகு.

ஸ்விஃப்ட்-கெட்-நோட்ஸ் கட்டளைக்கு ரிங் கோப்பு (எது எந்த டிஸ்கில் என்ற வரைபடம்), அக்கவுண்ட், கொண்டெய்னர், ஒப்ஜெக்ட் பெயர்களைக் கொடுங்கள். எந்தச் சேர்வர், எந்த டிஸ்க், எந்த அடைவு என்று சொல்லும். அந்த அடைவில் நேரமுத்திரையைப் பெயராகக் கொண்டு, .ts என்று முடியும் 0 பைட் கோப்பு மட்டும் கிடந்தால் அதுதான் டூம்ஸ்டோன், அதாவது அழித்ததற்கான அடையாளம். அது எழுதப்பட்டதுமே பழைய டேட்டா கோப்பு அந்த டிஸ்கிலிருந்து போய்விடும்; டூம்ஸ்டோனை நீக்கிப் பயனில்லை.

ஆனால் அழிக்கும்போது அணைந்திருந்த முல்லைத்தீவு டிஸ்கில் டேட்டா கோப்பு இன்னும் இருக்கும். நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டே பவரைப் போடுங்கள். வயரோடு போட்டால், பிரதிகளை ஒன்றுபோல் ஆக்கும் ரெப்ளிகேட்டர் டூம்ஸ்டோனைக் கொண்டுவந்து அதையும் அழித்துவிடும். கோப்பை யூஎஸ்பிக்குக் கொப்பி பண்ணி, வழக்கம்போல் மறுபடி அப்லோட் செய்யுங்கள். மெட்டாடேட்டா (கோப்பைப் பற்றிய குறிப்புகள்) கூடவே வராது. ஸ்விஃப்ட்-ஒப்ஜெக்ட்-இன்ஃபோ கட்டளை காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பிரதிகளுக்குப் பதில் கோப்பைத் துண்டாக்கி வைக்கும் எரேஷர் கோடிங் என்றால் கிடைப்பது ஒரு துண்டுதான், அதை நம்பவேண்டாம்.

இதே டிஸ்க்தான் ஆபத்தும். டூம்ஸ்டோன்களை வைத்திருக்கும் காலமான ரீகிளெயிம்-ஏஜ் இயல்பில் 604800 விநாடி, அதாவது 7 நாள். அதற்குப்பின் மற்ற இரண்டு சேர்வர்களிலும் டூம்ஸ்டோன்கள் துடைக்கப்படும். பத்து நாள் கழித்து வரும் சேர்வர், தன்னிடமுள்ள பழைய கோப்புகளை மற்றவற்றுக்குத் தள்ளும். அழித்ததெல்லாம் எழுந்து வரும். மீட்கவேண்டியதை எடுத்து, மற்ற இரண்டு பிரதிகளும் நலமா என்று பார்த்தபின், அணைந்திருந்த சேர்வரின் டிஸ்குகளை எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையில் புதிதாக ஃபோர்மட் செய்தே இணையுங்கள். ஐப்பசியிலேயே எல்லாச் சேர்வர்களிலும் ரீகிளெயிம்-ஏஜை 2592000 ஆக்கினால் 30 நாள் அவகாசம் கிடைக்கும். குட்டி டூம்ஸ்டோன் கோப்புகள் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

மதர்போர்ட் பற்றரி செத்திருந்தால் கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கும். அந்தச் சேர்வரில் ப்ரொக்சியும் ஓடினால் டிலீட் 409 (நேரம் முரண்படுகிறது) என்று திரும்பும். இணைக்குமுன், கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி சரியான நேரத்தைப் பிடித்துவிட்டதா பாருங்கள்.