முதலில் உரிமம், பிறகு அண்டா: சிங்கப்பூரில் கேட்டரிங் தொடங்குவோர் சறுக்கும் இடங்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் வாடகைக்கு எடுத்த முதல் சமையற்கூடத்தில் ஒரு தோசைகூடச் சுடவில்லை. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடி. வாடகை மலிவு. சரக்கு மின்தூக்கி வாசலிலேயே இருந்தது. “சாப்பாட்டுத் தொழிலா? தாராளமாகச் செய்யலாம் அண்ணா, கீழே இரண்டு பேர் செய்கிறார்கள்” என்றார் சொத்து முகவர். கையெழுத்துப் போட்டேன், இரண்டு மாத முன்பணம் கட்டினேன், தேக்காவுக்குப் போய் மாவரைக்கும் இயந்திரமும் ஆளுயர அண்டாக்களும் வாங்கி இறக்கினேன். பிறகுதான் உரிமத்துக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். அந்த இடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு கிடங்கு என்று அப்போது தெரிந்தது. கீழே இருந்த இருவரின் இடங்களுக்கு உணவு தயாரிக்க அனுமதி இருந்தது, என்னுடையதற்கு இல்லை. ஐந்து மாத வாடகை கொடுத்து அண்டாக்களைக் குடிவைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு, கேட்டரிங் தொடங்க நினைக்கும் தெரிந்தவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். நொந்தவனிடம் கேட்பது நல்ல பழக்கம்தான். அவர்களிடம் நான் காணும் தவறுகள் பலவும் சட்டம் தெரியாததால் வருபவை அல்ல. எதை முதலில் செய்வது என்ற வரிசை பிசகுவதால் வருபவை.

பதிவு வேறு, உரிமம் வேறு

அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் தொழிலைப் பதிவு செய்வது அரை மணி நேர வேலை. தொழிலின் பெயரைப் பதிய 15 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். தனி உரிமையாளர் தொழிலை ஓராண்டுக்குப் பதிவு செய்ய 100 வெள்ளி, தனியார் நிறுவனமாக அமைக்க 300 வெள்ளி. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் இருந்தால் கைத்தொலைபேசியிலேயே முடித்துவிடலாம். இந்த எளிமைதான் ஆபத்து. பதிவு எண் கைக்கு வந்தவுடன் “லைசன்ஸ் கிடைத்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் அறிவித்து, வளைகாப்புக்கு 150 பேர் சாப்பாட்டை ஒப்புக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெயரில் ஒரு தொழில் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. சமைத்து விற்க அனுமதி தருவது சிங்கப்பூர் உணவு அமைப்பு. தேசியச் சுற்றுப்புற வாரியமும் முன்னைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையமும் பார்த்துவந்த உணவுப் பொறுப்புகள் 2019 ஏப்ரல் 1 முதல் இந்த அமைப்பின் கீழ் வந்தன. விண்ணப்பம் கோபிசினஸ் இணையத்தளம் வழியாகப் போகும். உரிமம் ஆளுக்கு மட்டும் உரியதன்று, இடத்தோடும் சேர்ந்தது. இடம் இல்லாமல் உரிமம் கேட்க முடியாது. உரிமம் கிடைக்காத இடத்தை எடுத்தால் என் கதைதான்.

வீட்டு அடுப்பு

அடுத்த சறுக்கல் நம் சமூகத்தில் மிகப் பரவலானது. “வீவக வீட்டில் சமைத்து விற்கலாம் என்கிறார்களே?” என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் இருப்பவர்கள் கேட்பார்கள். விற்கலாம். வீட்டு அளவிலான சிறுதொழில் திட்டத்தின் கீழ் முறுக்கு சுட்டு விற்கலாம், கேக் செய்து கொடுக்கலாம், பக்கத்து புளோக்குக்கு நான்கு பொட்டலம் பிரியாணி அனுப்பலாம்; அதற்கு உணவு உரிமம் தேவையில்லை. ஆனால் அந்தத் திட்டம் கேட்டரிங்கை அனுமதிப்பதில்லை. ஒரு நிகழ்ச்சிக்காக முன்கூட்டியே பேசி, உங்கள் இடத்தில் சமைத்து, வேறோரிடத்தில் பரிமாற அனுப்பினால் அது கேட்டரிங். சமைத்தவர் அதைச் “சும்மா ஒரு ஆர்டர்” என்று அழைப்பதால் அது மாறிவிடாது.

வீவக வீட்டில் நடத்தும் தொழிலில் அந்த வீட்டில் வசிப்பவர்கள்தான் வேலை செய்யலாம். வீட்டில் புழங்கும் சாதனங்களைத்தான் பயன்படுத்தலாம். பெயர்ப்பலகை கூடாது. இதில் பலரும் மறந்துவிடுவது வீட்டுப் பணிப்பெண்ணை. அவரும் அங்குதானே வசிக்கிறார் என்று வெங்காயம் உரிக்கவும் டப்பா நிரப்பவும் உட்காரவைத்துவிடுகிறார்கள். அவருடைய வேலை அனுமதி வீட்டு வேலைக்கு மட்டுமே. விற்பனைக்கான வெங்காயம் வீட்டு வேலை ஆகாது. சட்டவிரோதமாக வேலை வாங்கியதாக முதலாளிமீது 10,000 வெள்ளி வரை அபராதம் விழலாம்.

இங்கு வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் சார்ந்திருப்போர் அட்டையில் இருக்கும் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021 மே 1 முதல் அந்த அட்டையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதற்குத் தனி வேலை அனுமதி வேண்டும். சொந்தத் தொழில் நடத்த அனுமதிக் கடிதம் பெற வழியுண்டு. ஆனால் தொழில் அக்ராவில் பதிவாகியிருக்க வேண்டும், நிறுவனமாக இருந்தால் உங்களுக்கு அதில் குறைந்தது 30% பங்கு வேண்டும், உள்ளூர்ச் சம்பளத் தகுதி எனும் குறைந்தபட்சச் சம்பளத்தை எட்டும் சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ ஒருவர் உங்களிடம் வேலை செய்ய வேண்டும். “கணவர் பெயரில் நடத்துகிறேன், நான் சமைக்க மட்டும்தான் செய்கிறேன்” என்றார் ஓர் அக்கா. அக்கா, சமைப்பதும் வேலைதான்.

இடம் பார்க்கும்போது

முகவரின் வாய்மொழி சட்டம் ஆகாது. வீவக கடையாக இருந்தால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம், தொழிற்பேட்டையாக இருந்தால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம், தொழில்நிலங்களை நிர்வகிக்கும் அரசாங்க அமைப்பான ஜேடிசியின் இடமென்றால் அதனிடமும் அந்தக் குறிப்பிட்ட இலக்கத்தின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு என்ன என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதே கட்டடத்தில் பக்கத்துக் கதவுக்கு அனுமதி இருப்பது உங்கள் கதவுக்குச் சாட்சியாகாது. பிடோக் ஃபுட் சிட்டி, மண்டாய் ஃபுட்லிங்க் போல உணவுத் தொழிலுக்கென்றே கட்டிய கட்டடங்களில் வாடகை கூடுதல்தான். புகைபோக்கியும் கழிவுநீர் வசதியும் எண்ணெய்க் கசடு பிடிக்கும் தொட்டியும் நினைத்து வடிவமைத்த கட்டடத்துக்குத் தரும் விலை அது. கிடங்கை வாங்கிச் சமையற்கூடமாக மாற்றும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மலிவு, விலை என்று பேசுங்கள்.

இன்னொன்று, “உரிமத்தோடு சேர்த்துத் தருகிறேன்” என்று விற்பவர்களிடம் ஏமாறுவது. ஓடிக்கொண்டிருக்கும் கடையை அடுப்பும் ஃபிரிட்ஜுமாக வாங்கலாம், உரிமத்தை வாங்க முடியாது. அது கைமாறாது. உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பித்தாக வேண்டும், மறுபடியும் சோதனைக்கு வருவார்கள். ஒப்பந்தம் போடுவதானால் “உரிமம் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்” என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

படியெடுத்த ஆவணம்

கேட்டரிங்கை உணவுக் கடையிலிருந்து பிரிக்கும் முக்கியமான கோரிக்கை, உணவுப் பாதுகாப்பு நிர்வாகத் திட்டம். ஹசாப் என்று தொழிலில் சொல்லும் முறையை அடிப்படையாக வைத்து, எந்த இடத்தில் உணவு கெடக்கூடும், அதை எப்படித் தடுக்கிறீர்கள், யார் எப்போது சரிபார்ப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதை ஒரு தாள் சம்பிரதாயமாக நினைத்து அடுத்தவர் ஆவணத்தில் பெயரை மாற்றித் தருகிறார்கள். சுத்த சைவச் சாப்பாடு மட்டும் செய்யும் ஒருவருடைய திட்டத்தை நான் புரட்டிப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் பச்சை மீன் வைக்கும் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு இருந்தது! “இது எதற்கு?” என்றேன். “இருந்தால் நல்லதுதானே” என்றார்.

உங்கள் சமையலை நீங்களே எழுதுங்கள், வேறு யாருக்கும் அது தெரியாது. நம் சமையலின் ஆபத்து பச்சை மீனில் இல்லை, சோற்றில் இருக்கிறது. அரிசியில் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்து கொதிப்பிலும் சாகாது. வடித்த சோற்றை ஆழமான அண்டாவில் மூடிவைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வித்து அங்கே விழித்துக்கொள்ளும். அது உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சுடவைத்தாலும் போகாத வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே உணவு கிடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி. இதை நினைத்துத் தயிர் சாதத்தைப் பாருங்கள்: சூடான சோறு, குளிர்ந்த தயிர், கலந்தால் கை பொறுக்கும் சூடு. நுண்ணுயிருக்கு அதைவிட மெத்தை எது? சோற்றை அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, தயிர் கலந்தவுடன் குளிர்ப்பெட்டிக்குள் வைப்பது என்று என் திட்டத்தில் ஒரு முழுப் பத்தி இருக்கிறது. தேங்காய்ச் சட்னிக்கு இன்னொன்று. அடுப்பே காணாத பண்டம் அது, தாளிப்பு ஒரு கரண்டி எண்ணெய் மட்டுமே.

சோதனைக்கு வந்த அதிகாரி என் சாம்பார் அண்டாவில் நடுவில் வெப்பமானியைச் செருகினார். விளிம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் 68 என்று காட்டியது. 75 வர வேண்டும். கரண்டியை எடுத்து அடிவரை நான்கு சுற்றுச் சுற்றினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. “கலக்கிய பிறகு நடுவில் அளக்க வேண்டும்” என்று எழுதிக்கொண்டு போனார். அன்று மாலையே அந்த வரி என் திட்டத்திலும் ஏறியது.

ஆட்கள்

உணவைத் தொடும் ஒவ்வொருவரும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையை முடித்து, உணவு அமைப்பிடம் பதிவாகியிருக்க வேண்டும். கேட்டரிங் நிறுவனத்தில் மூன்றாம் நிலை முடித்த உணவுச் சுகாதார அதிகாரி ஒருவரும் வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் “இரண்டு நாளைக்குத்தானே” என்று மைத்துனரையும் அவர் நண்பரையும் அடுப்படியில் நிறுத்துவதுதான் பொறி. 2018 நவம்பரில் ஓர் உணவகம் அனுப்பிய பெந்தோ சாப்பாட்டால் பலர் நோய்வாய்ப்பட்டு ஒருவர் உயிரிழந்தார். அங்கே கண்ட குறைகளில் பதிவு செய்யாத பணியாளர்களும் அடக்கம்.

ஊரிலிருந்து சமையல்காரரை வரவழைக்கும் கனவு எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான ‘எஸ் பாஸ்’ வேலை அட்டை வழியில் போனால் 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. சேவைத் துறையில் மொத்தப் பணியாளர்களில் 10% பேர்தான் அந்த அட்டையில் இருக்கலாம். அதாவது ஒருவரை எடுக்க ஒன்பது உள்ளூர்ப் பணியாளர்கள் வேண்டும். நான்கு பேர் கொண்ட சமையற்கூடத்துக்கு அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்களின் சமையல்காரர்களுக்குக் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளத்தில் வேலை அனுமதிச் சீட்டு வழியாக ஒரு சன்னல் திறந்தது, அதற்கும் 8% என்ற வரம்பு உண்டு. உங்கள் கேட்டரிங் சமையற்கூடம் அதற்குத் தகுதி பெறுமா என்று மனிதவள அமைச்சிடம் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு ஊருக்கு போன் போடுங்கள், அதற்கு முன்பு வேண்டாம். சுற்றுப்பயண விசாவில் வந்த சித்தப்பாவை அடுப்பில் நிறுத்தினால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இரண்டு சொற்கள், ஒரு பாலம்

“ஹலால்” என்ற சொல்லைப் பட்டியலில் அச்சிடுவதற்கு முன்பு, சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழைப் பெற்றுவிடுங்கள். முஸ்லிம் கடையில் கோழி வாங்குவது போதாது. சான்றிதழ் இல்லாமல் முயிஸ் முத்திரையைப் போட்டால் 10,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் வரலாம். மற்றொரு சொல் “ஜிஎஸ்டி”. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதியாமலே ரசீதில் 9% சேர்த்து வாங்குவது கௌரவம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது குற்றம்.

பாலம் மலேசியாவின் ஜோகூருக்குப் போவது. சனிக்கிழமை அந்தப் பக்கம் போய்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் பின்பெட்டி நிறைய வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுவருவது வேறு. விற்பனைக்கென்றால் இறக்குமதி உரிமமும் ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதியும் வேண்டும். காய்கறி, பழங்களைச் சட்டவிரோதமாகக் கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. இறைச்சி என்றால் 50,000 வெள்ளி வரை. அதோடு, ஊரிலிருந்து யாராவது வனஸ்பதி டின் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்: பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்க்கு 2021 ஜூன் முதல் இங்கே தடை.

பந்தி முடிந்த பிறகு

கேட்டரிங் சாப்பாட்டின்மீது ஒரு சிட்டை ஒட்ட வேண்டும்: எப்போது சமைத்தது, எந்நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரம். பெட்டி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து கணக்கிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. பத்து மணிக்கு இறக்கிய பிரியாணி பன்னிரண்டுக்கு மண்டபம் சேர்ந்தால் மிச்சம் இரண்டு மணி நேரம்தான்.

போன மாதம் ஒரு காதுகுத்து. சிட்டையில் பிற்பகல் 2.00 என்று எழுதியிருந்தேன். மணி 2.40. பெண்ணின் தாய்மாமா காலி டப்பாக்களோடு வந்து நின்றார். “தம்பி, அரை அண்டா மிச்சம் இருக்கிறதே, கட்டிக் கொடுங்கள்.” சிட்டையைக் காட்டினேன். “நாங்கள் பார்க்காத சோறா?” என்றார். முகம் கடுத்துவிட்டது. கொடுத்திருந்தால் அன்றைக்கு நான் நல்லவன். கரண்டியை மடக்கி வைத்துவிட்டு, கட்டாமல் தனியே எடுத்துவைத்திருந்த லட்டுப் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த விசேஷத்துக்கு அவர் வேறு யாரையோ அழைத்துவிட்டார் என்று கேள்வி.