பிறப்புச் சான்றிதழைக் காட்டி யானை பார்க்க முடியாது

இலங்கையின் கிழக்கே, கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பெரிய நீர்த்தேக்கம் சேனநாயக்க சமுத்திரம். அங்கே யானை பார்க்கப் போக நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லோயா தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டு விலை கடவுச்சீட்டைப் பொறுத்தது. மட்டக்களப்பில் பிறந்தவன், வாவியில் நீந்தி வளர்ந்தவன் என்ற கதையெல்லாம் எடுபடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் வெளிநாட்டவர் கட்டணம். உள்ளூர்க்காரர் கொடுப்பதைவிடப் பல மடங்கு. அதற்கு மேல் சேவைக் கட்டணம், வரி. படகுக் கூலி வேறு. இரட்டைக் குடியுரிமையும் தேசிய அடையாள அட்டையும் உள்ளவர்கள் உள்ளூர்க் கணக்கில் போகலாம். விதி இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது.

தொடக்கி வைத்தவன் மச்சான். "நீ என்ன வெள்ளக்காரனா? இஞ்சதானே பிறந்த நீ. பிறப்புச் சான்றிதழ எடு, நான் கதைக்கிறன்." மிச்சம் பிடிக்கும் காசில் வேன் பிடித்து மாமி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது அவன் கணக்கு. இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு வந்தவனால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

பிறப்புச் சான்றிதழின் நகலுக்கு அலைந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. முதல் நாள், பதிவு இலக்கம் இல்லாததால் பழைய புத்தகங்களில் தேட வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள், தேடுகிறவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். சுவர் மணிக்கூடு நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே நின்ற வரிசையும் நகரவில்லை. பின்னேரம் ஒரு பெண் உத்தியோகத்தர் என் சுவிஸ் கடவுச்சீட்டைப் புரட்டினார். சுவிஸ்காரர் கடவுச்சீட்டில் பிறந்த இடம் போடுவதில்லை. பூர்வீக ஊர்தான் போடுவார்கள். எனக்குக் குடியுரிமை தந்த பேர்ண் பக்கத்துக் கிராமமே இப்போது என் பூர்வீக ஊர். மாடு கட்டுகிற பட்டியும் ஒரு பாலாடைக்கட்டிக் கடையும் உள்ள இடம். "உங்கட ஊர் இதுதானே, சேர்?" என்று அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். குத்தலாகக் கேட்கவில்லை. அதனாலேயே பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நகல் கிடைத்தது. புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அப்படியே படியெடுத்திருந்தார்கள். பிறப்பை அறிவித்தவர் என்ற கட்டத்தில் அப்பாவின் கையொப்பம், கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்தபடி. அவருடைய செத்த வீட்டுக்கு நான் வரவில்லை. அப்போது என்னிடம் வதிவிட அனுமதிகூட இல்லை. உண்மையான காரணம்தான். ஆனாலும் அந்தத் தாளை மச்சான் கையில் கொடுக்காமல் என் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

சீட்டுக் கொடுக்குமிடத்தில் விதியை மரியாதையாகச் சொன்னார்கள். மச்சான் கதைத்தான், நன்றாகவே கதைத்தான். நான் காசைக் கட்டினேன். வேனுக்கும் நானே கட்டினேன்.

சரி, போகிற வழி. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, காரைதீவு, அம்பாறை, அப்புறம் இங்கினியாகலை. படகு அங்கிருந்துதான். விடிய முதல் புறப்படுங்கள், அல்லது பின்னேரப் படகைப் பிடியுங்கள். நடு மத்தியானத்தில் வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதல் நாளே படகுக்குச் சொல்லி வையுங்கள். படகில் இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கிறது, பன்னிரண்டு பேரை ஒன்றில் அடைக்க முடியாது. மிதவை அங்கியை மாமி சேலைக்கு மேல் போட மறுத்தால் கெஞ்ச வேண்டி வரும். பொலித்தீனுக்குத் தடை, மாமி வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல் தப்பியது, கடையில் வாங்கிய மிக்சர் பைகள் வேனிலேயே கிடந்தன. குளிக்க இறங்காதீர்கள், முதலை இருக்கிறது.

மார்ச் தொடங்கி ஜூலை வரை நல்ல காலம். தண்ணீர் வற்ற வற்றக் கரையிலும் தீவுகளிலும் புல் முளைக்கும். அதைத் தின்ன யானைகள் தீவுக்குத் தீவு நீந்தும். தூரத்தில் பார்த்தால் மிதந்து வரும் கட்டை மாதிரி இருக்கும். கிட்டப் போனால் தும்பிக்கை நுனி மட்டும் மேலே நின்று 'புஸ்' என்று மூச்சு விடும், பிறகு நெற்றி மேடு, பிறகு ஒரு காது. நாங்கள் பார்த்தது தாயும் குட்டியும். குட்டி தாயின் பக்கத்தோடு ஒட்டி வந்தது. மச்சானின் மகன் ஃபோனில் பாட்டுப் போட்டான். தாய் நின்று, திரும்பி, வேறு கரைக்குப் போய்விட்டது. படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஃபோன்களை வேனிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், சொந்தக்காரப் பிள்ளை என்று பார்க்காதீர்கள்.

மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. அவற்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயும். மீன் பார்த்துக் கழுகு உட்கார்ந்திருக்கும். பறவைகள் கூடு கட்டும் தீவு ஒன்றும் உண்டு. காற்று உங்கள் பக்கம் அடித்தால் மூக்கு முதலில் கண்டுபிடிக்கும். கச்சான் காற்று மாதங்களில் பின்னேரம் அலை எழும்பும், நனையாத பையில் தாள்களை வையுங்கள்.

நான் வைக்கவில்லை.

அணை கட்டி மறித்த இந்த ஆற்றை நாங்கள் பட்டிப்பளை ஆறு என்போம். 1949இல் அணை வேலை தொடங்கிய பிறகு கல்லோயா என்ற பெயரே எங்கும் நின்றுவிட்டது. பூங்கா வந்தது 1954இல். அம்மப்பா அந்த அணைத் திட்டத்தில் எழுதுவினைஞர். 1956 ஜூனில் இங்கே தமிழரை வெட்டியபோது ஒரு தகரப் பெட்டியோடு தப்பி வந்தவர், கடைசி வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. வழிகாட்டிப் பலகையில் இதைத் தேடாதீர்கள். பிள்ளைகள் கேட்டால் படகில் வேண்டாம், வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.

திரும்பும்போது வேனுக்குள் நகலை மடியில் விரித்துக் காயவைத்தேன். மை கலங்கவில்லை, படியெடுத்த மைதானே. மச்சான் முன்சீட்டிலிருந்து திரும்பி, "அடுத்த முறை இரட்டைக் குடியுரிமைக்குப் போடு, வரிசையில நான் நிக்கிறன்" என்றான். மாமி எனக்கென்று ஒதுக்கி வைத்த தயிர்ச் சட்டியை நீட்டினார்.