உங்க பேர்ல சொந்தக்காரங்க வாங்கின கடன்: நான் பண்ண தப்ப நீங்க பண்ணிடாதீங்க

வீட்டு லோனுக்காக பேங்க்ல உக்காந்திருந்தேன், மேனேஜர் கம்ப்யூட்டர பாத்துட்டு "சார், உங்களுக்கு ஒரு பர்சனல் லோன் ஓடுதே, அதுல ரெண்டு தவணை வேற பாக்கி நிக்குதே"ன்னாரு. நான் பர்சனல் லோன் வாங்கினதே இல்ல. என் பேர்ல வேற யாராச்சும் இருப்பாங்க சார்னு சிரிச்சுட்டே சொன்னேன். அவரு ஸ்க்ரீன திருப்பிக் காட்டினாரு. பான் நம்பர் என்னோடது, பொறந்த தேதி என்னோடது, மொபைல் நம்பர் மட்டும் என்னோடது இல்ல, ஆனா அது என் போன்ல ஏற்கெனவே சேவ் ஆகியிருந்த நம்பர்தான். எங்க அக்கா வீட்டுக்காரரோட ரெண்டாவது நம்பர்.

ஒரு லட்சத்து எண்பதாயிரம். திருப்பூர்ல வேலை பாத்தப்ப தொறந்த பழைய சம்பள அக்கவுண்ட் ஒன்னு இருந்துச்சு, காசு அதுலதான் வந்திருக்கு. அதோட ஏடிஎம் கார்டு அக்கா வீட்டு அலமாரிலயே கெடந்துச்சு, பின் நம்பரும் அவங்களுக்குத் தெரியும். ஆதார் பான் ஜெராக்ஸ் "ஒரு ரிஜிஸ்ட்ரேஷனுக்கு சாட்சி வேணும் மாப்ள"ன்னு கேட்டு வாங்கினது. ஓடிபிய நானே போன்ல சொல்லியிருக்கேன். பைக்ல போயிட்டு இருந்தப்ப கேட்டாரு, ஓரமா நிறுத்தி சொல்லிட்டு போயிட்டேன், என்னத்துக்குன்னு கேக்கக்கூட இல்ல.

அதுக்கப்புறம் நான் செஞ்சதுதான் பெரிய தப்பு. அக்கா முகத்த நினைச்சு, வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு, யார்கிட்டயும் சொல்லாம மூணு தவணைய என் அக்கவுண்ட்ல இருந்தே கட்டினேன். மாமா திருப்பித் தர்றேன்னாரு. தரல. நாலாவது மாசம் கோவம் வந்து, இது நான் வாங்கின கடனே இல்லன்னு பைனான்ஸ்காரங்களுக்கு கம்ப்ளைன்ட் எழுதினேன், ரெண்டே வரில பதில் வந்துச்சு: மூணு தவணை உங்க அக்கவுண்ட்ல இருந்து கட்டியிருக்கீங்க, வாங்காத கடனுக்கு எதுக்கு கட்டினீங்க? அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சட்டப்படி தவணை கட்டினா கடன ஒத்துக்கிட்டதாவே முடிஞ்சிரும்னு இல்ல, ஆனா எதிர்ல இருக்கவன் கைல அத விட நல்ல ஆயுதம் கிடையாது. அதனால கடன் உங்களுது இல்லன்னா ஒரு ரூபா கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல சொல்லிடுங்க. அந்த மாசத் தவணை தவறினா கிரெடிட் ஸ்கோர் (கடன ஒழுங்கா கட்டறோமான்னு காட்டற மார்க்கு) எறங்குமேன்னு பயந்து கட்டாதீங்க. வாங்காத கடன்னு நிரூபிச்சா ஸ்கோர சரி பண்ணலாம், கட்டிட்டு நிரூபிக்கிறது அதவிட கஷ்டம்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒன்ன தெளிவு பண்ணிக்கணும், இதுலதான் நெறைய பேர் குழம்புறாங்க. "என் பேர்ல கடன் வாங்கிட்டாங்க"ன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, ஆனா உள்ள வேற வேற கதை. ஒன்னு, உங்களுக்கு தெரிஞ்சே கையெழுத்து போட்டது: தம்பிக்கு வண்டி எடுத்துக் குடுத்தது, நாத்தனாருக்காக மகளிர் குழுல உங்க பேர்ல பணம் வாங்கினது, நகைய உங்க பேர்ல அடகு வச்சது. காச யாரு செலவு பண்ணா, வண்டிய யாரு ஓட்டுறான்னு கடன் குடுத்தவனுக்கு கவலையே இல்ல, கையெழுத்து உங்களுது, கடனும் உங்களுது. இதுல "நான் வாங்கல"ன்னு வாதாடறது நேரத்த வீணாக்கற வேலை, உங்க சண்டை அந்த சொந்தக்காரர்கூடத்தான். இன்னொன்னு, உங்களுக்கு சுத்தமா தெரியாம கையெழுத்த போலியா போட்டு, போட்டோவ மாத்தி வாங்கினது. இது மோசடி, போலி ஆவணம், நீங்க கட்ட வேண்டியதே இல்ல. நடுவுல என்னைய மாதிரி ஆளுங்க, கடன்னு தெரியாது ஆனா ஜெராக்ஸும் ஓடிபியும் குடுத்தவங்க. எங்க நிலமதான் மோசம், ஏமாத்தப்பட்டோம்னு நாமதான் காட்டணும், அதுக்கு மெசேஜ், கால் ஹிஸ்டரி, காசு எங்க போச்சுங்கற ஸ்டேட்மென்ட்னு எல்லாம் வேணும். நான் பாதிய டெலீட் பண்ணிட்டேன், அக்கா பாத்துடக் கூடாதேன்னு. அதையும் பண்ணாதீங்க.

ஜாமீன் கையெழுத்து போட்டவங்க இன்னொரு நம்பிக்கைல இருப்பாங்க, "முதல்ல அவன்கிட்ட கேட்டுட்டுதானே என்கிட்ட வருவாங்க"ன்னு. அப்படி எல்லாம் கெடையாது. 1872ம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவு, கடன் வாங்கினவனுக்கு எவ்ளோ பொறுப்போ ஜாமீன் போட்டவனுக்கும் அவ்ளோ பொறுப்புன்னு சொல்லுது, நேரா உங்ககிட்டயே வரலாம். ஒரு ஆறுதல், நீங்க கட்டினா அத அவன்கிட்ட திருப்பிக் கேக்க அதே சட்டத்துல 145வது பிரிவு வழி விடுது. அதுக்கு கட்டினதுக்கு ரசீது இருக்கணும். ரசீத வாங்காம விட்டவங்களும் உண்டு, என்ன சொல்றது.

சரி, நீங்க வாங்காத கடன்னா மொதல்ல என்ன கேக்கணும்? நேர்ல போய் கவுண்டர்ல கத்துறதால ஒன்னும் ஆகாது (நான் கத்தியிருக்கேன், டோக்கன் எடுத்துட்டு வாங்கன்னாங்க). மெயில்லயோ ரிஜிஸ்டர் தபால்லயோ எழுதி கேளுங்க: லோன் அப்ளிகேஷன் காப்பி, குடுத்த கேஒய்சி (அடையாள, முகவரி ஆதார) பேப்பருங்க, எடுத்த போட்டோ இல்லன்னா வீடியோ, பதிவு பண்ண மொபைல் நம்பர், முகவரி, பணம் எந்த அக்கவுண்ட்டுக்குப் போச்சுங்கற விவரம். கடைல போன், டிவி எடுத்ததுன்னா டெலிவரி ஆன அட்ரஸ். என் விஷயத்துல அப்ளிகேஷன்ல இருந்த மொபைல் நம்பர், அக்கா வீட்டு அட்ரஸ், காசு வந்த அன்னைக்கே அக்கா வீட்டுக்குப் பக்கத்து ஏடிஎம்ல எடுத்திருக்கறது, இந்த மூணும்தான் பின்னாடி பேச்சுவார்த்தைல உதவுச்சு. 30 நாள்ல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (பேங்க், பைனான்ஸ் மேல வர்ற புகார விசாரிக்கறவரு) ஆன்லைன்ல போகலாம், காசு கெடையாது, வக்கீல் வேணாம், விவரம் கேக்கணும்னா 14448க்கு போன் பண்ணலாம். நேரா ஆம்பட்ஸ்மேன்கிட்டயே போனா திருப்பி அனுப்பிடுவாங்க, மொதல்ல கடன் குடுத்த பேங்க்லயோ பைனான்ஸ்லயோ கம்ப்ளைன்ட் குடுத்ததுக்கு ஆதாரம் வேணும்.

கூடவே சிபில் ரிப்போர்ட்லயும் (நம்ம கடன் கணக்க எல்லாம் பதிவு பண்ற கம்பெனியோட அறிக்கை) தனியா டிஸ்ப்யூட், அதாவது இந்தப் பதிவு தப்புன்னு புகார், போடணும். சிபில் மட்டும் பாத்துட்டு விட்டுடறாங்க, ஆனா எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இன்னும் மூணு கம்பெனி இருக்கு, ஒவ்வொன்னுலயும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட் இலவசமா எடுக்கலாம். புகார 30 நாள்ல முடிக்கலன்னா அதுக்கப்புறம் நாளுக்கு 100 ரூபா நமக்கு குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. நாலு ரிப்போர்ட்டையும் எடுத்தப்பதான் எனக்கு இன்னொன்னு தெரிஞ்சுது, ஒரு போன் இஎம்ஐயும் ஓடிட்டு இருந்துச்சு, அது கரெக்டா கட்டிட்டு இருந்ததால யாரும் கூப்பிடவே இல்ல.

போலீஸ் விஷயம். இங்கதான் குடும்பமே ரெண்டாகும். அம்மா சாப்பிடாம உக்காந்துட்டாங்க, "அவ தாலிய அறுக்கப் போறியா"ன்னு. நான் யாரையும் கேஸ் போடுங்கன்னு சொல்ல மாட்டேன், போடாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். ஆனா புகாரே இல்லாம "என் பேர்ல மோசடி நடந்துருச்சு"ன்னு சொன்னா பைனான்ஸ்காரங்க காதுல வாங்க மாட்டாங்க. ஸ்டேஷன்ல மனு குடுத்தா சிஎஸ்ஆர் ரசீது (மனுவ வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சி) தருவாங்க, அத கேட்டு வாங்குங்க, ஆன்லைன்ல ஆப் மூலமா எடுத்த கடன்னா சைபர் மோசடி உதவி எண் 1930க்கு கூப்பிட்டும் பதிவு பண்ணலாம். ரொம்பப் பேர் பண்ற தப்பு, யாருன்னு தெரிஞ்சே "அடையாளம் தெரியாத நபர்"னு எழுதிக் குடுக்கறது. மொபைல் நம்பரும் அட்ரஸும் வெளிய வர்றப்ப நீங்க சொன்னது பொய்னு ஆயிடும், அப்புறம் நீங்க சொல்ற உண்மையவும் நம்ப மாட்டாங்க. சொல்ல விருப்பமில்லன்னா புகாருக்கே போகாம பேசி முடிக்கற வழிய பாருங்க, அரைகுறை வேணாம்.

பேசி முடிக்கறதுன்னா சாமி மேல சத்தியம் வாங்கறது இல்ல. எங்க மாமா மூணு தடவ சத்தியம் பண்ணாரு, ஒரு தடவ பழனி முருகன் மேல. நாலாவது தடவ நான் பேப்பர நீட்டினேன். இந்த நம்பர் லோன நான்தான் வாங்கினேன், பாக்கி இவ்ளோ, மாசம் இவ்ளோ, இந்தத் தேதிக்குள்ள பேங்க் மூலமா அனுப்புறேன்னு எழுதி, தேதி போட்டு, ரெண்டு சாட்சி கையெழுத்தோட வாங்கினேன். "என்ன மாப்ள, மாமா மேல நம்பிக்கை இல்லையா"ன்னாரு. "நம்பிக்கை இருக்கு மாமா, பேங்க்காரனுக்குத்தான் இல்ல"ன்னேன். காச கைல வாங்காதீங்க, ஜிபேல வாங்கினாக்கூட எதுக்குன்னு குறிப்பு போடச் சொல்லுங்க. எழுதிக் குடுத்துட்டாங்கல்லன்னு அத பீரோல வச்சுட்டு வருஷக்கணக்கா விடவும் கூடாது, பணம் வர வேண்டிய வழக்குக்கு பொதுவா மூணு வருஷம்தான் கெடு, நடுவுல எழுத்துல ஒத்துக்கிட்டாலோ, கொஞ்சம் பணம் கட்டி அதுக்கு எழுத்துல ஆதாரம் இருந்தாலோதான் திரும்ப மூணு வருஷம் ஓடும்.

வெத்து செக் குடுத்தவங்க பாடு இன்னும் மோசம். சித்தப்பா கேட்டாருன்னு கையெழுத்து மட்டும் போட்ட செக்கு, அவரு வட்டிக்காரன்கிட்ட குடுத்திருப்பாரு. "நான் தொகையே எழுதலயே"ன்னு சொன்னா தப்பிச்சுடலாம்னு நினைக்காதீங்க, 2019ல உச்ச நீதிமன்றமே, கையெழுத்து போட்டு விருப்பப்பட்டு குடுத்த செக்குன்னா மத்தத இன்னொருத்தர் நிரப்பியிருந்தாலும் அது செல்லும்னு சொல்லியிருக்கு, கடனுக்காக குடுத்தது இல்லன்னு காட்ட வேண்டியது நாம. செக் திரும்பினா வக்கீல் நோட்டீஸ் வரும், கைல கெடச்சதுல இருந்து பணத்த குடுக்க 15 நாள்தான் டைம். அந்த நோட்டீஸ வாங்காம தபால்காரர திருப்பி அனுப்பினா தப்பிச்சோம்னு நினைக்கறவங்களும் இருக்காங்க, சரியான அட்ரஸுக்கு வந்த தபால வாங்க மறுத்தா வாங்கினதாவே கோர்ட் எடுத்துக்கும். பதில் நோட்டீஸ் குடுத்து, செக்கு எப்படி அங்க போச்சுன்னு அப்பவே எழுதி வைக்கணும். வட்டிக்காரன் மீட்டர் வட்டி, கந்து வட்டின்னு மிரட்டினா தமிழ்நாட்டுல 2003லயே அதுக்குன்னு தனிச் சட்டம் இருக்கு. வக்கீலுக்கு காசு இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணையம், நம்பர் 15100, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னே பாக்காம இலவச வக்கீல் உண்டு. குழு லோன்ல மாட்டின அக்கா தங்கச்சிங்க பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

கலெக்‌ஷன்காரங்க போன எடுக்காம சிம்ம மாத்தறதும் உதவாது, அப்புறம் அவங்க ஆபீசுக்கு வருவாங்க, மாமனார் வீட்டுக்கு வருவாங்க. எடுத்து, "இது தகராறுல இருக்கற கடன், புகார் நம்பர் இது, எழுத்துல பேசுங்க"ன்னு ஒரே வரி சொல்லுங்க. காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, கூப்பிட்டா நேரத்த குறிச்சு வைங்க. அவங்க சொந்த நம்பருக்கு மட்டும் காசு போட்டுடாதீங்க.

எங்க கதை எப்படி முடிஞ்சுதுன்னா, ஆம்பட்ஸ்மேன் வரைக்கும் போனேன், ஓடிபி நானே குடுத்ததுனால முழுசா ஜெயிக்க முடியல. மாமா பைக்க வித்தாரு, அக்கா ஒரு ஜோடி வளையல குடுத்துச்சு, மீதிய நான் போட்டேன். அப்ப பைனான்ஸ்ல இருந்து ஒரு ஆள் "முழுசா கட்ட வேணாம் சார், ஒரு லட்சத்துல முடிச்சுடலாம்"னு ஆசை காட்டினாரு. நல்லவேளை, பழைய மேனேஜர்கிட்ட கேட்டேன். குறைச்சு முடிச்சா ரிப்போர்ட்ல "செட்டில்டு"ன்னு விழும், "க்ளோஸ்டு"ன்னு விழாது, வீட்டு லோன் குடுக்கறவன் அத பாத்தா கதவ சாத்திடுவான். கட்டவே வழியில்லன்னா செட்டில்மெண்ட் தப்பில்ல, ஆனா இவ்ளோல முடிச்சுக்கறோம்னு அவங்க லெட்டர் கைக்கு வராம ஒரு பைசா குடுக்கக் கூடாது. நாங்க முழுசா கட்டி என்ஓசி (இனி பாக்கி இல்லங்கற சான்று) வாங்கினோம், வாங்கி ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா ஒரு ரிப்போர்ட்ல மட்டும் இன்னும் பாக்கி காட்டிச்சு, அந்த என்ஓசிய வச்சு டிஸ்ப்யூட் போட்டப்புறம்தான் போச்சு.

இப்ப பழைய அக்கவுண்ட்ட மூடிட்டேன், ஆதார்ல பயோமெட்ரிக்க லாக் பண்ணிட்டேன், சஞ்சார் சாத்திங்கற அரசு தளத்துல என் பேர்ல எத்தன சிம் இருக்குன்னு பாத்தேன், ரெண்டு எனக்கே தெரியாத நம்பர் இருந்துச்சு, "என் நம்பர் இல்ல"ன்னு குடுத்துட்டேன். ஜெராக்ஸ் யாரு கேட்டாலும் குறுக்க கோடு போட்டு எதுக்கு, யாருக்கு, என்ன தேதின்னு எழுதித்தான் தர்றேன். போன பொங்கலுக்கு மாமா வந்திருந்தாரு, பையனுக்கு ஸ்கூல் சேக்க ஒரு ஆதார் ஜெராக்ஸ் வேணும்னாரு. கோடு போட்டு எழுதிக் குடுத்தேன். வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு ஒன்னும் சொல்லாம மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு, அக்கா உள்ள இருந்து பொங்கல் எடுத்துட்டு வந்துச்சு.