கடைசித் தேர்வுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே: கல்லூரி இறுதியாண்டில் செய்ய வேண்டியவை

நான் பொறியியல் முடித்தபோது ஆஃபர் லெட்டர் கையில் இருந்தது. சேரும் தேதிதான் தள்ளிக்கொண்டே போனது. ஜூலை என்றார்கள், அப்புறம் செப்டம்பர் என்றார்கள், கடைசியில் ஜனவரியில் அழைத்தார்கள். அதற்குள் அம்மாவின் வளையல்கள் இரண்டும் அடகுக்கடைக்குப் போய்விட்டன. வேலை கிடைத்தும் பட்ட கஷ்டம் அது. படிப்பு முடிந்த நாளுக்கும் சம்பளம் வந்த நாளுக்கும் நடுவில் எத்தனை மாதம் ஓட்ட வேண்டும் என்று வீட்டில் ஒருவரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

நீங்கள் இப்போது இறுதியாண்டின் தொடக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால், கீழே உள்ள எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது.

படி 1: இடைவெளிக்கு ஒரு கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் கடைசித் தேர்வு, ஆகஸ்ட் 18-ல் வேலையில் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். பல நிறுவனங்களில் மாத நடுவிலேயே சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தால், ஆகஸ்டில் வேலை பார்த்த நாள்களுக்கான பணமும் செப்டம்பர் கடைசியில்தான் கணக்கில் ஏறும். அதாவது புது ஊரில் ஆறு வாரம் சொந்தக் காசில் இருக்க வேண்டும்.

தங்கும் விடுதிக்கு மாதம் 7,500 ரூபாய் என்றால், இரண்டு மாத வாடகையும் ஒரு மாத அட்வான்ஸும் சேர்த்து 22,500. பஸ், வெளிச்சாப்பாடு, மருந்து மாத்திரைக்கு 5,000. இரண்டு செட் உடை, ஒரு ஜோடி ஷூவுக்கு 4,000. மொத்தம் 31,500 ரூபாய். உங்கள் ஊர் வாடகையைப் போட்டுத் தொகையை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைக் கடைசி நேரத்தில் புரட்டினால் வட்டிக்கு வாங்க வேண்டிவரும். ஓராண்டு முன்பே தொடங்கினால் மாதம் 2,625 ரூபாய்தான். ட்யூஷன் எடுத்த காசோ, உதவித்தொகையில் மிஞ்சியதோ, வீட்டில் கொடுப்பதோ, அதை வங்கியில் 12 மாத ஆர்.டி.யாக (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) போடுங்கள். அஞ்சலக ஆர்.டி. 5 ஆண்டுக் கணக்கு, இந்தத் தேவைக்கு ஒத்துவராது. முழுத் தொகையும் முடியாது என்றால் பாதியாவது சேருங்கள். அடகுக்கு இரண்டு வளையல் போகவேண்டிய இடத்தில் ஒன்று தப்பும்.

படி 2: பெயரும் இனிஷியலும்

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முதல் மாதச் சம்பளமே தாமதமாவதற்கு இது ஒரு காரணம்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'செல்வி த' என்று இருக்கும். ஆதாரில் 'த செல்வி'. பான் அட்டைக்கு இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அதனால் அங்கே 'செல்வி தங்கராசு'. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். சம்பளக் கணக்கு திறக்கும்போதும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கை ஆதாரோடு இணைக்கும்போதும் பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். வேலையில் சேர்ந்த பிறகு இதற்காக லீவு போட்டு ஆதார் மையத்துக்கு அலைய வேண்டும்.

அதனால் இப்போதே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். எனவே எந்த வடிவத்தை நிலையாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுத் திருத்தப் போங்கள்.

கல்லூரியை விட்டு வரும்போது ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், ப்ரொவிஷனல் சான்றிதழ், டி.சி. எல்லாம் கைக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள். முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்வழிக் கல்விச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் நேரடி நியமனத்தில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. இரண்டு வருடம் கழித்து இதற்காகக் கல்லூரிக்குப் போனால், உங்களைத் தெரிந்த அலுவலர் மாறிப் போயிருப்பார்.

படி 3: கல்விக்கடன் இருந்தால்

படிக்கும்போது கட்ட வேண்டாம் என்பதால் கடன் தூங்குகிறது என்று நினைக்கிறோம். வட்டி தூங்குவதில்லை.

ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டில் 4 லட்சம் வாங்கியிருக்கிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிப்புக் காலம், அதன்பின் ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை என்பதுதான் பொதுவான விதி. ஆனால் அதுவரைக்கும் தனிவட்டி ஏறும். முதல் லட்சத்துக்கு 5 ஆண்டு, அடுத்ததற்கு 4, பிறகு 3, கடைசி லட்சத்துக்கு 2. கூட்டினால் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 5.4 லட்சமாகியிருக்கும். பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 7,140 ரூபாய். வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்திருந்தால் 5,290 ரூபாய்தான் வந்திருக்கும்.

வங்கிக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இன்றைய தேதிக்கு என் கடன் எவ்வளவு? முதல் தவணை எந்த மாதம்? தொழிற்கல்வி படிப்பவராக இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், தவணை தொடங்காத காலத்துக்கான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டத்தில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கடனில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் அவர்களுக்கும் சேர்ந்து அடிபடும். அதனால் கட்ட முடியாத நிலை வருமென்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்பே கிளை மேலாளரைப் பாருங்கள்.

படி 4: ஆஃபர் லெட்டரைப் படிப்பது

ஆண்டுக்கு 3.6 லட்சம் சி.டி.சி. என்றதும், மாதம் 30,000 ரூபாய் என்று வீட்டில் சொல்லிவிடுவோம். அந்தத் தொகை கைக்கு வராது. அதில் நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் எல்லாமே அடங்கும்.

30,000-ல் 2,000 ரூபாய், ஆண்டு முடிவில் மதிப்பீடு பார்த்துத் தரும் தொகை என்று வையுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், நிறுவனம் செலுத்தும் பி.எஃப். 12 சதவீதம், 1,800. பணிக்கொடைக்கு 721. மீதி 25,479. இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடித்தால் 23,679. அரையாண்டுக்கொரு முறை தொழில்வரியும் பிடிப்பார்கள். வீட்டில் 23,500 என்று சொல்லுங்கள், தம்பி தங்கை படிப்புக்கு அவர்கள் போடும் கணக்கும் அப்போதுதான் சரியாக இருக்கும்.

இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்று பத்திரம் எழுதிக் கேட்டால், தொகையையும் காலத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்படைக்காதீர்கள். பயிற்சிக்கு, லேப்டாப்புக்கு, டெபாசிட்டுக்கு என்று பணம் கேட்கும் இடத்தில் வேலையே இருக்காது. என்னோடு படித்த ஒருவன் அப்படி 40,000 ரூபாய் கட்டினான். அடுத்த மாதம் அந்த அலுவலகத்துக் கதவில் பூட்டு தொங்கியது.

படி 5: இன்னும் வேலை அமையவில்லையா?

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இணையத்திலேயே செய்யலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது தொழில் பழகுநர் பயிற்சி. சென்னை தரமணியில் இருக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் இதைப் பார்த்துக்கொள்கிறது. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் ஓராண்டு, உதவித்தொகையோடு. இது நிரந்தர வேலை இல்லைதான். ஆனால் முன்அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு நேர்முகத் தேர்வில் ஒரு பதில் இருக்கும், இடைவெளி மாதங்களும் வெறுமையாகப் போகாது. ஆஃபர் வாங்கிவிட்டுச் சேரும் தேதிக்காகக் காத்திருப்பவர்களும் மற்ற வாய்ப்புகளுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்த வேண்டாம். நான் நிறுத்திவிட்டேன், அதில் எனக்கு ஏழு மாதம் போனது.

படி 6: முதல் சம்பளம் வந்த அன்று

வீட்டுக்குக் கொடுங்கள், புடவை எடுங்கள், கோயிலுக்குப் போங்கள். அது உங்கள் உரிமை. அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பேஸ்லிப்பைத் திறந்து, பி.எஃப். பிடித்தத்தையும் உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான 12 இலக்க யு.ஏ.என்.-ஐயும் பாருங்கள். அடுத்த மாதம் பி.எஃப். பாஸ்புக்கில் இரண்டு பங்கும் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, அடகுச் சீட்டு ஏதாவது இருந்தால் அதை மீட்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.