புல் அறுப்பு சீசனில் குதிரையின் தோள்பட்டை புண்ணாகாமல் இருக்க

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், நவீன இயந்திரங்களைப் பெரும்பாலும் தவிர்க்கும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் பலர் இன்றும் பெல்ஜியன், பெர்ச்செரான் போன்ற கனத்த குதிரைகளைப் பூட்டித்தான் புல் அறுக்கிறார்கள். நம் மாட்டுக்கு நுகத்தடி திமிலுக்கு முன்னால் உட்காரும். குதிரைக்கு அப்படி இல்லை. கழுத்தில் மாட்டும் திண்டு போன்ற காலர் வழியாக, தோள்பட்டையால் தள்ளித்தான் அது பாரத்தை இழுக்கிறது. காலர் சரியில்லை என்றால் அப்புறம் வேலையே ஓடாது.

அளவு பார்ப்பது சுலபம். குதிரை தலையை வேலை செய்யும் உயரத்தில் வைத்திருக்கும்போது, காலரின் அடிப்பக்கத்துக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வர வேண்டும். போகவில்லையென்றால் பாரம் இழுக்கும்போது மூச்சுக்குழல் நெரியும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தாலும் ஆபத்துதான், உரசி உரசித் தோல் வழன்றுவிடும்.

வசந்தத்தில் கொழுத்திருந்த குதிரை, வேலை ஏற ஏற இளைக்கும். ஏப்ரலில் கச்சிதமாக இருந்த காலர் ஜூலையில் ஆடும். புதிது வாங்க ஓட வேண்டாம், உள்ளே மெத்தைப் பட்டை ஒன்று வைத்தால் போதும்.

பூட்டும்போது காலருக்கு அடியில் சிக்கிய பிடரி மயிரை வெளியே இழுத்துவிடுங்கள். வரப்போரம் நிற்கும்போதெல்லாம் காலரைக் கொஞ்சம் முன்னால் தூக்கி, கையாலேயே வியர்வையை வழித்துவிடலாம், காற்றும் படும். சாயங்காலம் காலரின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காய்ந்த வியர்வை உப்பு மறுநாள் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.